மேட்டில் போட்ட அடுப்பு

இடம் பார்க்கப் போகிறவன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். பசியோடு போனால், தண்ணீர் கண்ணில் படுகிற முதல் இடமே நல்ல இடமாகத் தோன்றும். மூட்டையை அங்கேயே இறக்கச் சொல்லிவிடுவான். அப்புறம் அவனுடைய ஒரு வேளைப் பசிக்காக அறுபது பேர் ஆறு மாதம் கஷ்டப்படுவார்கள்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். இதையும் எழுதுங்கள் ஐயா. இந்தக் கோப்பெங் ஸ்டேஷனில் தமிழ் எழுதத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றார்கள். இன்ஸ்பெக்டர் துரைக்கு மொழிபெயர்க்கும்போது வேண்டாததை நீங்களே அடித்துக்கொள்ளலாம்.

பெயர் சின்னையா. வயது நாற்பது இருக்கும். மலைக்குள் பாதை வெட்டுகிற கூட்டத்துக்கு, முகாம் போட இடம் பார்ப்பது என் வேலை. பாதை முன்னால் போகப் போக, ஆறேழு மாதத்துக்கு ஒரு தடவை கொட்டகைகளைப் பிரித்துக் கொண்டுபோய் முன்னால் போட வேண்டும். எங்கே போடுவது என்று பார்க்க, எல்லாருக்கும் முன்னால் நான் தனியாகப் போவேன். பதிமூன்று வருஷத்தில் இருபத்திரண்டு இடம் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கூட்டத்து ராக்காயி கொடுத்த புகாரை வாசித்துக் காட்டினீர்கள். கல்லை நட்டு ஏவல் வைத்தேன், பதினாறாவது மைலில் பதினேழு உயிரைக் குடித்தேன் என்று சொல்லியிருக்கிறாள். பதினேழு சரி. ஏவல் எனக்குத் தெரியாது. சூனியமும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு தொழில்தான். அதைச் சூனியம் என்று சொல்லிவிட்டுப் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிட்டு அனுப்புவதற்கு முன்னால் நானே வந்தேன்.

ஒரு இடத்துக்குப் போனால் முதலில் மேலே பார்க்க வேண்டும். பட்ட மரம் இருந்தால் வேண்டாம். டுரியான் மரத்தடி வேண்டவே வேண்டாம். பழம் விழுகிற காலத்தில் மண்டை உடையும், பழத்துக்கு யானையும் வரும். மலை உச்சியில் போட்டால் காற்று அத்தாப்பு ஓலைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். பள்ளத்தில் போட்டால் மழை உள்ளே வரும். இதெல்லாம் கொஞ்சம் புத்தி உள்ளவனுக்கே தெரியும். தெரியாதது தண்ணீர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் வருஷம் நானும் என் தம்பி சீனியும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு புதுத் தோட்டத்தில் காடு வெட்டினோம். ஓடைக்கரையில் கொட்டகை. ஓடையை மூடியிருந்த மரத்தையெல்லாம் வெட்டித் தள்ளினோம். தண்ணீர் கூழாங்கல் மேல் பளபளவென்று ஓடியது. பார்க்க ஆசையாக இருக்கும். ஒன்றரை மாதத்தில் காய்ச்சல் வந்தது. சீனிக்குப் பத்தொன்பது வயது. அவன் செத்த பிறகு நான் அந்த மலைப்பக்கம் முழுக்க நடந்து பார்த்தேன். ஓடைக்கு மேல் காடு மூடியிருக்கிற இடங்களில் ஆட்கள் நன்றாக இருந்தார்கள். மரத்தை வெட்டி வெயிலை உள்ளே விட்ட இடங்களிலெல்லாம் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். காரணம் கொசு என்கிறார்கள், இருக்கட்டும். மலையில் வெயில் விழுகிற தண்ணீர் பக்கத்தில் ஆட்களைப் படுக்க வைக்கக் கூடாது என்பது எனக்குச் சீனி சொல்லிக் கொடுத்தது.

அன்றிலிருந்து நான் பார்த்த இருபத்திரண்டு இடத்தில் ஒருவருக்கும் காய்ச்சல் வந்ததில்லை. ஒரு குழந்தைக்குக்கூட வந்ததில்லை. இதை வேறு யாரும் சொல்ல முடியாது.

இடம் முடிவானால் இரண்டு காரியம் செய்வேன். முதலில் ராக்காயிக்கு அடுப்பு. அவள்தான் எங்கள் கூட்டத்துக்குச் சமைப்பவள். புருஷன் பாறை சரிந்து போய்விட்டான், பாப்பா என்று ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. காற்று அடிக்கிற பக்கம் பார்த்து, புகை கொட்டகைக்குள் போகாதபடி மூன்று கல் போடுவேன். பக்கத்தில் பாப்பா உட்கார ஒரு சின்னத் தட்டைக் கல். அந்தக் குழந்தை புது இடத்துக்கு வந்ததும் முதலில் தன் கல்லைத்தான் தேடும். "மாமா, என் கல்லு எங்க?" என்று கேட்டுக்கொண்டே வரும்.

இரண்டாவது, முனியாண்டிக்குக் கல் நடுவது. பாதை வேலையைப் பார்க்கிற எங்கள் துரை சரி என்று சொன்ன பிறகுதான் அது. கல்லை நட்டுச் சூடம் கொளுத்தினால்தான் ஆட்கள் மூட்டையை அவிழ்ப்பார்கள். நட்டவன்தான் அதை எடுக்கவும் வேண்டும். கல் கிளம்புவதற்கு முன்னால் யாராவது கிளம்பினால் முனி பின்னாலேயே வந்து அடிக்கும் என்று எல்லாருக்கும் பயம். அந்தப் பயம் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். கங்காணி ராமையாவுக்கு அது வசதியாக இருந்தது, ஆட்கள் ஓடிப்போக மாட்டார்கள். எனக்கும் கொஞ்சம் மரியாதையாக இருந்தது.

இந்த வருஷம் மாசி மாதம் பதினாறாவது மைலுக்கு இடம் பார்க்கப் போனேன். இரண்டு நாள் அலைந்து ஒரு மேட்டைக் கண்டுபிடித்தேன். நான் பார்த்த இடங்களிலேயே அதுதான் நல்லது. காற்று வரும், ஆனால் கூரையைத் தூக்காது. தரை சிவப்பு மண், மழை நின்ற மறுநிமிஷம் காய்ந்துவிடும். பின்பக்கம் காட்டுக்குள் இருட்டில் ஒரு ஊற்று. சந்தோஷத்தில் அங்கேயே புதரை வெட்டி, ராக்காயிக்கு மூன்று கல்லும் பாப்பாவுக்குத் தட்டைக் கல்லும் போட்டுவிட்டுத்தான் இறங்கினேன்.

கீழே வந்தால் துரையோடு ஒரு புது ஆள் நின்றிருந்தான். ஜெயபாலன் என்று பெயர், டிரசர், மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிறவன். இருபத்தைந்து வயது இருக்கும். கம்பெனி இனிமேல் ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு டிரசர் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தது. நாலு வருஷம் தெலுக் ஆன்சன் பக்கம் கடலோரத் தோட்டத்தில் இருந்தவன். அங்கே சதுப்புக் காட்டை வெட்டி வெளிச்சம் விட்டதும் காய்ச்சல் நின்றதாம். கண்ணால் பார்த்திருக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை ஐயா. கடலோரத்து இருட்டுத் தண்ணீர் வேறு, மலைத் தண்ணீர் வேறு. அது அவனுக்குத் தெரியாது.

கூட்டம் முழுக்க நின்றுகொண்டிருந்தது. அவன் ஓடைக்கரையைக் காட்டி, "இங்க போடலாம் துரை. ரெண்டு பக்கமும் மரத்தை வெட்டி வெளிச்சம் விட்டுட்டா காய்ச்சல் கிட்டயே வராது" என்றான்.

துரை எங்கள் பாஷை பேசுவார், அவர் பேசுகிற மாதிரி. "இனிமே டிரசர் எடம் பார்க்கும். சின்னையா கல்லு மட்டும் வைக்கும்" என்றார்.

நான் பதிமூன்று வருஷமாக ஒருவரும் காய்ச்சலில் சாகவில்லை என்று சொன்னேன். துரை சிரித்தார். "அது உன் அதிர்ஷ்டம்" என்றார். கூட்டத்தில் இரண்டு மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். துரை சிரித்தால் சிரிக்க வேண்டும் என்று அவர்களுக்கு. இருந்தாலும் சிரித்தார்கள்.

பிறகு துரை நியாயமாகவே கேட்டார். "உனக்கு வேற நல்ல எடம் தெரிஞ்சா சொல்லு."

மேடு அங்கேயிருந்து அரை மைல். அடுப்புக் கல்லில் ஒட்டியிருந்த ஈர மண் இன்னும் என் கையில் இருந்தது. "அவரு படிச்சவரு துரை. அவரு சொன்னா சரிதான்" என்று சொன்னேன்.

சீனி செத்த நாளிலிருந்து காட்டில் நடந்து, ஓடைக்கு ஓடை தண்ணீரில் கையை விட்டுப் பார்த்துக் கற்றது. அதற்குப் பெயர் அதிர்ஷ்டம். அந்த வார்த்தை எனக்கு இப்போதும் கசக்கிறது. அது அதிர்ஷ்டமா இல்லையா என்று காட்டுவதற்கு ஒரு தடவை அவன் இடத்தில் இருந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். நான் ஒன்றும் செய்யப் போவதில்லை, வாயை மூடிக்கொண்டு இருக்கப் போகிறேன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் நான் கல்லை நடாமல் இருந்திருந்தால் ஒருவரும் அங்கே மூட்டையை அவிழ்த்திருக்க மாட்டார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ராக்காயி சட்டி பானையை இறக்காமல் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுப்பு எரிகிற இடம்தானே முகாம்.

"அண்ணே, இது நீ பார்த்த எடமில்லையாமே. நல்ல எடந்தானா? நீ சொல்லு, எறக்குறேன்."

"நல்ல எடந்தான் தாயி. எறக்கு."

அவள் இறக்கினாள். நான் கல்லை நட்டேன், சூடம் கொளுத்தினேன். அங்கேயும் அவளுக்கு மூன்று கல் போட்டேன். பாப்பா தன் கல்லைக் கேட்டது. ஓடையிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் மரம் வெட்ட ஆரம்பித்தோம். நான்தான் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு முதலில் இறங்கினேன். டிரசர் காட்டிய மரத்தையெல்லாம் வெட்டினேன், அவன் காட்டாத இரண்டு மூன்றையும் வெட்டினேன். ஒரு வாரத்தில் ஓடை முழுக்க வெயில். பெண்கள் துணி துவைக்க வசதியாக இருக்கிறது என்றார்கள். டிரசர் என் தோளைத் தட்டி, "உங்களை மாதிரி ஆள் இருந்தா எனக்கு வேலையே இல்லண்ணே" என்றான். நல்ல பிள்ளைதான். குழந்தைகளுக்குச் சிரங்கு மருந்து போட்டு, ஊதி ஊதி ஆற்றுவான்.

ஆறாவது வாரம் கல் உடைக்கிற பிச்சைமுத்து நடுங்க ஆரம்பித்தார். எனக்கு ஆச்சரியமாக இல்லை. எந்த வாரம் என்றுகூட எனக்குத் தெரிந்திருந்தது. அவர் போன பத்து நாளில் இன்னும் நாலு பேர். டிரசர் எல்லாருக்கும் கொய்னா மருந்து கொடுத்தான். கொடுத்தது போதவில்லை. வெளிச்சம் இன்னும் வேண்டும் என்று நினைத்து மேல் ஓடையையும் வெட்டச் சொன்னான். வெட்டினேன்.

நான் எங்கே படுத்தேன் என்று கேட்பீர்கள். அவர்களோடுதான். அதே கொட்டகை, அதே தண்ணீர். எனக்கு மூன்று நாள் குளிர் வந்துவிட்டுப் போனது. சீனியோடு ஒரு தடவை வந்து பிழைத்த உடம்பு, அதனால் தாங்கியது. ஆக நான் மட்டும் தப்பித்துக்கொண்டேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

கங்காணி ராமையா பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "கல்லைக் கெளப்பிரு சின்னையா. எடம் சரியில்ல. கோப்பெங் பக்கம் எறங்கிப் போலாம்" என்றார்.

"டிரசர் பார்த்த எடம் கங்காணி. சரியில்லன்னு துரை வந்து சொல்லட்டும். உடனே எடுக்குறேன்."

"துரை ஈப்போவுல இருக்காருலா. வர ரெண்டு வாரம் ஆகும்."

"வரட்டும்."

அவர்கள் போய்விட்டார்கள். அவர்களில் நான்கு ஆண்கள் பலமாக இருந்தார்கள்; நினைத்திருந்தால் அந்தக் கல்லைப் பிடுங்கி ஓடையில் எறிந்துவிட்டு நடந்திருக்கலாம். ஒருவரும் தொடவில்லை. போகும்போது அதைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் காலையில் ஓடைக்கரையில் டிரசர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஆள் பாதியாக இருந்தான். ராத்திரி பகல் பார்க்காமல் கொட்டகை கொட்டகையாக ஓடிக்கொண்டிருந்தவன்.

"சின்னையாண்ணே, எங்கியோ தப்பு நடந்திருக்கு. எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. துரைகிட்ட என் தப்புன்னே சொல்லிக்கிறேன்" என்றான்.

கை இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் கேட்டான். அப்போது ஒன்பது பேர் போயிருந்தார்கள். பாப்பா அன்றைக்கு நன்றாக இருந்தது. எங்களுக்கு எதிரே தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு விளையாடியது.

"நேரம் சரியில்ல தம்பி. வேற ஒண்ணுமில்ல" என்று சொன்னேன்.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அவன் என்னிடம் தனியாகக் கேட்டான். என்னை அதிர்ஷ்டக்காரன் என்று சொன்னது அறுபது பேர் முன்னால். துரை வாயிலிருந்து, அதே அறுபது பேர் முன்னால், சின்னையா நீ பார் என்று ஒரு வார்த்தை வர வேண்டும். நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான். அதிகமா ஐயா?

அறுபது பேர் முன்னால் என்றேன். துரை வந்தபோது அவ்வளவு பேர் இல்லை.

முதலில் செத்தவர்களை ஓடைக்குக் கீழே புதைத்தோம். பத்தாவது குழி வெட்டும்போது இரண்டு அடியிலேயே தண்ணீர் வந்துவிட்டது. பெண்கள் அழுதார்கள், தண்ணீரில் போட வேண்டாம் என்றார்கள். கங்காணி என்னிடம் வந்து, "பொதைக்கவாவது நீ ஒரு எடம் பாருப்பா" என்றார்.

புதைக்க இடம் பார்ப்பதும் இடம் பார்ப்பதுதான். சிவப்பு மண், தண்ணீர் நிற்காது, காற்று வரும். அந்தப் பக்கத்தில் அப்படி ஒரே இடம்தான் இருந்தது. நான் மட்டும் போய், மேட்டின் மேல் ஓரத்தில் குழி வெட்ட அடையாளம் வைத்துவிட்டு வந்தேன். ஆறு பேரை அங்கே கொண்டுபோனோம். தூக்கிக்கொண்டு போனவர்கள் ஆண்கள். புதருக்குப் பின்னால் இருந்த அடுப்புக் கல் அவர்கள் கண்ணில் படவில்லை. பட்டிருந்தாலும் என்னவென்று தெரிந்திருக்காது.

பதினாறாவது பாப்பா. மூன்று நாளில் முடிந்துவிட்டது. கடைசி நாள் என்னைப் பார்த்து ஏதோ கேட்டது. கல்லைத்தான் கேட்டிருக்கும். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

பெண்கள் குழிக்கு வருவது எங்கள் வழக்கம் இல்லை. ராக்காயி யார் சொல்லியும் கேட்காமல் பின்னாலேயே ஏறி வந்தாள். குழந்தையைக் குழிக்குள் இறக்கிய பிறகு, முகத்தைத் துடைக்க இலை பறிக்கப் போனவள் புதருக்குப் பின்னால் நின்றுவிட்டாள். நான் போய்ப் பார்த்தேன். மூன்று கல், காற்றுக்கு முதுகு காட்டி, நான் எப்போதும் போடுகிற மாதிரி. பக்கத்தில் தட்டைக் கல். நடுவில் புல் முளைத்திருந்தது.

அவள் அந்தத் தட்டைக் கல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"இது எப்ப போட்ட கல்லு அண்ணே?"

நான் குனிந்து நடுவில் இருந்த புல்லைப் பிடுங்கினேன்.

"எம்புள்ளையைச் சுடுகாட்டுல குந்த வைக்கணும்னு அப்பவே கல்லு போட்டு வச்சிட்டியே. நீ மனுசனா?"

அதற்கப்புறம் அவள் என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை. சூனியம் என்ற பேச்சு அங்கேதான் பிறந்தது. சுடுகாட்டில் குழந்தைக்குக் கல் போட்டவன் சூனியக்காரனாகத்தான் இருப்பான் என்று அவள் நினைக்கிறாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சரியாக எழுதுங்கள். நான் சுடுகாட்டில் அடுப்பு போடவில்லை. அடுப்பு போட்ட இடத்தைப் பிறகு சுடுகாடாக்கினேன்.

நாலு நாள் கழித்து துரை வந்தார். அதற்குள் இன்னொருவர் போய்விட்டார். துரை குதிரையை விட்டு இறங்கி, கொட்டகைகளைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். மிச்சம் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். என்னிடம் வந்து, எல்லாரும் கேட்க, "சின்னையா, தப்பாப் போச்சு. இனிமே நீதான் எடம் பார்க்கும்" என்றார்.

உடனே கல்லைக் கிளப்பினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மண் ஈரமாக இருந்ததால் சுலபமாக வந்துவிட்டது.

ஜெயபாலன் இப்போது ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் கிடக்கிறானாம். பதினேழு பேரையும் தானே கொன்றதாக வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்கிறானாம். நம்பாதீர்கள். அவன் தெரியாமல் காட்டினான். நான் தெரிந்து நட்டேன், தெரிந்து வெட்டினேன், கேட்டபோது நல்ல இடம் என்று சொன்னேன், எடுக்கச் சொன்னபோது எடுக்கவில்லை. பாப்பா உட்பட பதினேழு பேரையும் கொன்றது நான். இதற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று இன்ஸ்பெக்டர் துரை பார்த்துக்கொள்ளட்டும். எந்தப் பெயர் வைத்தாலும் கையெழுத்துப் போடுகிறேன், சூனியம் என்று மட்டும் எழுத வேண்டாம்.

எழுதியதைக் கொடுங்கள். இங்கே ஒரு திருத்தம். இருபத்திரண்டு இடம் என்று போட்டிருக்கிறீர்கள், மேட்டைச் சேர்த்தால் இருபத்துமூன்று. அதைச் சேர்த்துத்தான் எழுத வேண்டும். சந்தேகம் இருந்தால் ஆள் அனுப்பிப் பாருங்கள். பாப்பாவோடு எட்டுப் பேர் அங்கே இருக்கிறார்கள், மழை நின்றதும் மண் காய்ந்துவிடுகிறது, தட்டைக் கல்லைக் குழந்தையின் தலைமாட்டில் நகர்த்தி வைத்திருக்கிறேன். நான் பார்த்த இடத்தில் இன்றுவரை ஒருவருக்கும் காய்ச்சல் வந்ததில்லை.